பழைய தேக்கு மோட்டார் படகைச் சீரமைப்பது எப்படி?

பர்மாவில் மோல்மேன் பக்கம் சால்வீன் ஆற்றின் கரையோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் தேக்குப் படகு மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். வார்னிஷ் டப்பாவை மட்டும் இப்போது வாங்க வேண்டாம். பளபளப்பு கடைசி வேலை. மழை ஓய்ந்த நவம்பரில் தொடங்கினால், ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா வருவதற்குள் முடித்துவிடலாம்.

முதலில் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் படகை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். எடை முழுவதும் ஏராக்கட்டையில், அதாவது படகின் அடி நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையில், இறங்க வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டுமே.

அடுத்து, கூர்முனைத் தமரூசியால் மரத்தைக் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு ஊசியைத் தடுக்கும். மக்கிய மரம் உள்ளே விட்டுவிடும். மரத்தை மக்கவைப்பது பெரும்பாலும் கடல்நீரல்ல, தேங்கும் மழைநீர். ஆகவே மேல்தளத்தின் அடியிலும் வங்குகளின் (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலாக்கட்டைகளின்) கால்மாட்டிலும் கூடுதலாகத் தேடுங்கள். உவர்நீரில் கிடந்த படகென்றால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவையும் சந்தேகியுங்கள்: வெளியே தெரிவது ஊசித்துளை, உள்ளே நீண்ட சுரங்கம்.

மக்கியதை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு ஒட்டும்போது, இணைப்பின் சரிவு பலகைத் தடிமனைப்போல் எட்டு மடங்கு நீளமாக இருக்கட்டும். தேக்கில் உள்ள எண்ணெய், ஒட்டும் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோனால் துடையுங்கள். ஆணிகள் செம்பு அல்லது வெண்கலம். இரும்பு வேண்டவே வேண்டாம்.

இனி கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளில் திரி அடித்து நீர் புகாமல் அடைப்பது. பொறுமை வேண்டிய வேலை இதுதான். இடுக்குகளில் உள்ள பழைய திரியைக் கொக்கியால் சுரண்டி எடுங்கள். புதுப் பஞ்சுத்திரியைச் சிறு மடிப்புகளாக வைத்து, உளியும் மரச்சுத்தியும் கொண்டு இறக்குங்கள். தொடக்கத்தில் மொத்தென்று கேட்கும் அடி, திரி இறுக இறுகக் கணீரென்று மாறும். அங்கே நிறுத்துங்கள். நீரில் பலகை ஊதும்; வலிந்து திணித்த திரி அப்போது ஆணிகளைப் பிடுங்கும், வங்கையும் முறிக்கும். திரியின்மேல் பெயின்ட் தடவி, மக்கு (புட்டி) வைத்துச் சற்றே குழிவாக வழித்துவிடுங்கள். குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துப் பூசும் பழைய முறையும் நல்லதுதான், மலிவும்கூட.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். முகமூடி அணிந்து, ஈரமாகவே தேய்த்தெடுங்கள். வார்னிஷின் முதல் பூச்சில் பாதிக்குப் பாதி டர்பென்டைன். பிறகு லேசாகத் தேய்த்துத் தேய்த்து ஆறு பூச்சு.

நீரில் இறக்கியதும் படகு ஒழுகும். பயப்படாதீர்கள், கயிற்றில் கட்டி, பம்பைத் தயாராக வைத்திருங்கள். சில நாட்களில் பலகைகள் ஊதி இடுக்குகளை அடைக்கும். எஞ்சினை அதன்பிறகே நேர்ப்படுத்த வேண்டும், ஏனெனில் மிதக்கும்போது படகின் வடிவம் சற்று மாறிவிடும். எஞ்சினையும் சுழல்விசிறித் தண்டையும் இணைக்கும் தட்டுகளுக்கிடையே சுற்றிலும் இடைவெளியை அளந்து, வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வந்ததும் போல்ட்டுகளை முறுக்குங்கள்.