அப்பமாவுக்குப் பக்கத்தில ஒரு பலூன்: கலச்சுவாசத்தை குசினியிலயே பாக்கிறது எப்பிடி

ஏ எல் பயோ படிக்கிற பிள்ளைகள் கலச்சுவாசம் (கலம் சீனியை உடைச்சு சக்தி எடுக்கிறது) எண்டதும் படத்தை பாடமாக்க வெளிக்கிட்டிடுவினம், அதால நான் வெள்ளவத்தையில சொல்லிக்குடுக்கேக்க முதல்ல குசினிக்குத்தான் கூட்டிக்கொண்டு போறது.

மூண்டு வெறும் தண்ணிப் போத்தல், மூண்டு பலூன், அப்பத்துக்குப் போடுற ஈஸ்ட், சீனி காணும். ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். முதலாவதுக்கு இளஞ்சூட்டுத் தண்ணி அரைக் கப், ரெண்டு கரண்டி சீனி. ரெண்டாவதுக்கு அதே தண்ணி, சீனி இல்ல. மூண்டாவதுக்கு சீனியோட ஐஸ் தண்ணி, அதை ஃப்ரிஜ்ஜுக்க வையுங்கோ. பலூனை ஒருக்கா ஊதி இழக்கிப்போட்டு போத்தல் வாயில மாட்டுங்கோ, மூடியை மட்டும் இறுக்கிப் பூட்டிடாதீங்கோ, காஸ் சேந்து வெடிக்கும்.

ஒரு மணித்தியாலத்துக்குள்ள முதலாவது நல்லா ஊதும். உள்ளுக்க இருக்கிறது காபனீரொட்சைட்டு.

இப்பதான் முக்கியமான இடம், இதிலதான் கனபேர் பிழைவிடுறது. மதுவம் (ஈஸ்ட்தான்) அற்ககோல் செய்யிறது சக்திக்காக எண்டு எழுதுவினம், ஆனா அந்தப் படியில ஒரு ஏடிபியும் (கலம் செலவழிக்கிற சக்திக் காசு) வராது, அதுக்கு முதல் நடக்கிற கிளைக்கோப்பகுப்பில ஒரு குளுக்கோசு ரெண்டு பைருவேற்றா உடையேக்க 2 ஏடிபி செலவாகி 4 வரும், மிச்சம் 2, அவ்வளவுதான். பிறகென்னத்துக்கு அற்ககோல்? குளுக்கோசில இருந்து ஐதரசனை வாங்கிற என்ஏடி எண்டது கலத்தில கொஞ்சம்தான் இருக்கு, கிணத்தில அள்ளுற வாளி மாதிரி, நிரம்பினதை ஊத்தினாத்தான் திரும்ப அள்ளலாம். பைருவேற்றில இருந்து காபனீரொட்சைட்டு கழண்டு போக, மிச்சத்தில அந்த ஐதரசனை ஊத்தேக்க வாறதுதான் எதனோல், அதான் அந்த அற்ககோல். ஊத்த இடமில்லையெண்டா அந்த 2 ஏடிபியும் இல்ல. நாங்கள் மூச்சுப்பிடிச்சு ஓடேக்க தசையில லக்டிக் அசிட் வாறதும் இதே காரணத்துக்குத்தான்.

எங்கட கலத்தில ஒட்சிசன் இருந்தா பைருவேற்று இழைமணிக்குள்ள (கலத்துக்க சக்தி எடுக்கிற அறை) போகும், அங்க கடைசியா ஐதரசனை வாங்கிறது ஒட்சிசன், அதில தண்ணி வரும். ஒரு குளுக்கோசுக்கு கிட்டத்தட்ட 30, 32 ஏடிபி. பழைய நோட்ஸில 36, 38 எண்டு இருக்கும், சண்டை பிடிக்காம சோதினைக்கு உங்கட புத்தகத்தில உள்ளதை எழுதுங்கோ.

ரெண்டாவது போத்தல் ஏன் பெருசா ஊதேல்ல எண்டு பிள்ளையே சொல்லட்டும். பிறகு மூண்டாவதை ஃப்ரிஜ்ஜில இருந்து எடுத்து ஜன்னல் வெயில்ல வையுங்கோ, மெல்ல மெல்ல ஊதத் தொடங்கும், ஏனெண்டா ஈஸ்ட்டின்ர நொதியம் (தாக்கங்களை விரைவாக்கிற புரதம்) குளிருக்கு பழுதாகேல்ல, வேலையைக் குறைச்சதுதான். முதலாவது பலூனைக் கழட்டி மணந்தும் பாருங்கோ, கூடப் புளிச்ச அப்பமா மணம் அப்பிடியே வரும்.