சுயசரிதையும் அறிவு நூலும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் எடுப்பவர்கள் முதலில் சறுக்குவது வயதுக் கணக்கில்தான். பத்து வயதுப் பையன் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறான். வீட்டில் தமிழ் சரளமாகப் பேசுவான், ஆனால் வாசிப்பு எழுத்துக்கூட்டும் அளவில்தான் இருக்கும். அவன் வயதுக்கென்று வாங்கும் 150 பக்கத் தலைவர் வரலாறு நாலாம் பக்கத்தைத் தாண்டாது. கடையிலேயே நடுப்பக்கம் ஒன்றை விரித்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் திக்கினால் அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். அவனே வாசிக்க, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் பாருங்கள்: நூல்களை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம். கூச்சப்படாமல் முதல் நிலையிலிருந்தே தொடங்கலாம்.

அவென்யூ ரோட்டிலும் சர்ச் ஸ்ட்ரீட்டிலும் பழைய கலைக்களஞ்சியங்கள் மலிவாகக் கிடைக்கும். விலையைப் பார்த்து அள்ளிவிடாதீர்கள். புளூட்டோவோடு சேர்த்துக் கோள்கள் ஒன்பது என்றிருந்தால் தகவல் 2006க்கு முந்தையது. வரைபடத்தில் தெலங்கானா இல்லையா? 2014க்கு முந்தையது. 'மறு அச்சு 2021' என்றால் அதே பக்கங்களை மறுபடி அச்சடித்தார்கள் என்றுதான் அர்த்தம். 'திருத்திய பதிப்பு' என்று இருக்கிறதா பாருங்கள். பூச்சி, இலை, பறவைப் படங்கள் நன்றாக இருந்தால் மட்டும் பழசானாலும் எடுக்கலாம்.

பெரியவர்கள் ஏமாறுவது சுயசரிதையில். முழு வாழ்க்கையும் அதில் இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். காந்தியின் 'சத்திய சோதனை' 1920களின் தொடக்கத்தோடு நின்றுவிடும். 1930 தண்டி யாத்திரையை அதில் தேடிப் பயனில்லை. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே, 1942இல், அவர் காலமானார், நூல் முற்றுப்பெறவில்லை. அதனால் எந்த ஆண்டு வரை போகிறது என்பதை முன்னுரையில் பார்த்துவிட்டு, மீதிக்கு வேறொருவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்து எடுங்கள்.

மொழிபெயர்ப்பென்றால் எந்தப் பதிப்பிலிருந்து என்பதும் முக்கியம். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு 1947இல் வந்தபோது தந்தை ஓட்டோ சில பகுதிகளை விட்டிருந்தார். 1991இல் விரிவான பதிப்பு வந்தது. தமிழில் இருப்பது எதன் மொழிபெயர்ப்பு, முழுசா சுருக்கமா? தலைப்புப் பக்கத்தில் 'சுருக்கம்' என்ற சொல் பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் ஒளிந்திருக்கும்.

சிறுவர் வாழ்க்கை வரலாறுகளில் இன்னொரு தொல்லை, இட்டுக்கட்டிய உரையாடல். ஐந்து வயதுத் தலைவர் அம்மாவிடம் வீரவசனம் பேசுவார். பக்கத்திலிருந்து கேட்டு எழுதியது யார்? கடைசிப் பக்கங்களில் ஆதார நூல்களோ காலவரிசையோ இல்லையென்றால் அதைக் கதைப் புத்தக வரிசையில் வையுங்கள்.

தடிமனான நூலென்றால் அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பழைய பிரதியாகவே வாங்குவதானால் நடுவே வழவழப்புத் தாளில் வரும் புகைப்படப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பசை விட்டு முதலில் உதிர்வது அவைதான்.