மலை ஈரத்தைத் தாங்கும் தேத்தண்ணித் தட்டம்: முதல் மரவேலை பழகுபவருக்கு

வீட்டுக்கு நாலு பேர் வந்துவிட்டால் கிளாஸ்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் இஸ்தோப்புக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. கடையில் வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டத்தில் இரண்டு கிளாஸ் கூட வைத்தால் நடு வளைகிறது. ஆறு கிளாஸையும் ஒரு பிஸ்கட் தட்டையும் சேர்த்துத் தாங்கும் மரத் தட்டத்தை, இதுவரை வாள் பிடிக்காதவர்கூடச் செய்துவிடலாம். நான் ஹட்டனில் ஒரு தளபாடப் பட்டறையில் வேலை செய்கிறேன். வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வேலையாக இதைத்தான் கொடுக்கிறேன். நான்கு பலகை, ஒரு அடித்தட்டு, இரண்டு கைப்பிடி. அளப்பது, அரிவது, துளைப்பது, ஒட்டுவது, பூச்சு பூசுவது எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

அரிவதும் ஆணி அடிப்பதும் கை பழகப் பழக வரும். நமது ஊரில் தட்டம் கெடுவதற்குப் பெரிய காரணம் ஈரம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் வைகாசியில் தொடங்கும் மழையில் சுவரே வியர்க்கும். ஊவா பக்கம், பண்டாரவளை, பதுளையில் அந்த மாதங்களில் காய்ந்த காற்று வீசும். அங்கே மழை ஐப்பசிக்குப் பிறகுதான் கனக்கும். ஈரத்தில் பலகை அகலத்தில் ஊதும், காய்ச்சலில் சுருங்கும். நீளத்தில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். பத்து அங்குல அகலப் பலகை ஒன்று, ஒரு மழைக்காலத்துக்கும் ஒரு வெயில் காலத்துக்கும் இடையில் ஓரிரு மில்லிமீட்டர் மாறும். அதை அசையவிடாமல் நாலு பக்கமும் இறுக்கினால் வெடிக்கும், இல்லாவிட்டால் மூலையைப் பிய்க்கும். ஆகவே அடித்தட்டுக்கு ஒரே பலகை வேண்டாம், 6 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்குங்கள். அதில் மெல்லிய மரத் தாள்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் ஊதுவதும் சுருங்குவதும் மிகக் குறைவு.

சுற்றுப் பலகைக்கு எனக்குப் பிடித்தது சவுக்கு. தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கிற கிரவிலியாவைத்தான் சொல்கிறேன். கைவாளுக்கு இணங்கும், தூக்கினால் கனம் தெரியாது. சரியான திசையில் அரிந்த பலகையில் மின்னுகிற புள்ளிப் புள்ளியான ரேகை வரும். அந்த அழகுக்காகவே அதைத் தேடி எடுப்பேன். ஒன்று, அதன் தூளும் சாறும் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். வேலை முடிந்ததும் கையை முழங்கை வரை கழுவுங்கள், சாண்ட் பேப்பர் போடும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அல்பீசியா மலிவு, ஆனால் மிக மென்மை. நகம் பட்டாலே பள்ளம் விழும். பைனஸ் பரவாயில்லை. பழைய பொதிப் பலகை கிடைத்தால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மீதைல் புரோமைட் புகை போட்டது. சாப்பாட்டுச் சாமான் வைக்கும் தட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

மரம் அரியும் ஆலையில் வாங்கும் பலகை பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். வீட்டுக்குள், அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரோரம், இடையிடையே சிறு சட்டம் வைத்து அடுக்குங்கள். நெருப்புக்கு நேர் மேலே வேண்டாம், முனை பிளக்கும். காய்ந்ததா என்று அறிய ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் பலகை உங்கள் வீட்டுக் காற்றோடு ஒத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன் கை வைக்காதீர்கள். அவசரப்படுகிற பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

சரி, அளவு. எல்லாப் பலகையும் அரை அங்குலத் தடிப்பு. நீளப் பக்கம் இரண்டு: 16 அங்குல நீளம், இரண்டேகால் அங்குல உயரம். கைப்பிடிப் பக்கம் இரண்டு: 10 அங்குல நீளம், மூன்றரை அங்குல உயரம். தடிப்புக்குச் சீவுவதையும் உயரத்துக்குக் கிழிப்பதையும் பட்டறையிலேயே செய்து வாங்குங்கள். கைவாளால் நீளவாக்கில் கிழிப்பது முதல் வேலைக்கு ஏற்றதல்ல. நீளத்துக்குக் குறுக்கே அரிவது மட்டும் உங்கள் பங்கு. மூலைமட்டம் வைத்து நான்கு முகத்திலும் கோடு போடுங்கள், கோட்டுக்கு வெளியே வாள் ஓடட்டும். ஒரே அளவான இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து சாண்ட் பேப்பரில் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

கைப்பிடித் துளையைப் பெட்டி கூட்டும் முன்பே போட்டுவிட வேண்டும். பலகையின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் விட்டு, 4 அங்குல நீளமும் ஒன்றேகால் அங்குல உயரமுமாகக் கோடு வரையுங்கள். இரண்டு முனையிலும் ஒன்றேகால் அங்குலத் துளை. மையத்துக்கும் மையத்துக்கும் இரண்டேமுக்கால் அங்குலம். துளைக்கும்போது பின்னால் ஒரு வேண்டாத பலகையை இறுக்கிப் பிடித்தால் வெளிப்பக்கம் பிய்யாது. இடையில் இருப்பதை மெல்லிய வாளால் அரிந்து எடுங்கள். மர ரேகை துளையின் நீளத்தோடு ஓட வேண்டும். மேலிருந்து கீழாக ஓடினால், கிளாஸ் நிறைந்த தட்டத்தைத் தூக்கும்போது கைப்பிடி முறிந்து கொதிக்கும் தேத்தண்ணி யார் மேலாவது கொட்டும். துளையின் விளிம்பை விரலுக்கு உறுத்தாத வரை உருட்டித் தேயுங்கள். தட்டம் எடுக்கும் அம்மாவின் கை முதலில் உணர்வது அந்த விளிம்பைத்தான், அதில் நேரம் செலவழிப்பது வீணில்லை.

ஒட்டும் வேலை. கைப்பிடிப் பலகைகள் நீளப் பலகைகளுக்கு இடையில் உட்கார வேண்டும். குறுக்கே அரிந்த முனை பசையைக் குடித்துவிடும், ஆகவே முதலில் அந்த முனைக்கு மட்டும் மெல்லியதாகப் பூசி, சில நிமிடம் விட்டு, அப்புறம் மறுபடி பூசிச் சேருங்கள். மரத்துக்கான வெள்ளைப் பசை போதும். ஆனால் அந்தப் பசைக்குக் குளிர் ஆகாது. சுமார் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சுண்ணாம்புபோல் வெளுத்துப் பிடிமானம் இல்லாமல் போகும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை, மாசி இரவுகள் அதைவிடக் குளிரும். காலை பத்து மணிக்கு ஒட்டி, இரவில் அடுப்படியில் வைத்து, மறுநாள் அதே நேரம் வரை தொடாமல் விடுங்கள்.

இறுக்கும் கருவி இல்லையா? கயிற்றைச் சுற்றிலும் தளர்வாகக் கட்டி, ஒரு குச்சியை நுழைத்து முறுக்குங்கள். பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றினாலும் நன்றாகப் பிடிக்கும். முறுக்கியதும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் பெட்டியின் மூலைகள் கோணாமல் நேராக இருக்கின்றன. இல்லையென்றால் நீளமான குறுக்கைப் பிடித்து மெல்ல அமுக்கினால் சரிவரும்.

பசை மட்டும் அந்த மூலையைப் பல வருடம் தாங்காது. காய்ந்த பிறகு ஒவ்வொரு மூலையிலும் இரண்டு மெல்லிய துளை போட்டு, பசை தடவிய மூங்கில் குச்சியை அடித்து இறக்கி, வெளியே நிற்பதை அரிந்துவிடுங்கள். மூங்கில் துரு பிடிக்காது. இரும்பு ஆணி நம் ஈரத்தில் ஒரு வருடத்துக்குள் மரத்தில் கறுப்புக் கறை விடும்.

அடித்தட்டை இப்போதுதான் வெட்ட வேண்டும். பெட்டியைப் பிளைவுட் மேல் வைத்துச் சுற்றி வரைந்து, கோட்டுக்குச் சற்று வெளியே அரிந்து, கீழிருந்து பசையும் சிறிய பித்தளைத் திருகாணியும் போட்டுப் பொருத்தி, விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

சாண்ட் பேப்பர் 80, 120, 180 என்று ஏறட்டும். 120க்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மரமயிர் எழுந்து நிற்கும். 180 அதை வழித்துவிடும். பூச்சுக்குப் பொலியூரிதேன் வார்னிஷ் எடுங்கள். பிரெஞ்ச் பொலிஷ் பார்க்க அழகு, ஆனால் சூடான கிளாஸ் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். மூடுபனி கதவு வழியாக உள்ளே வருகிற நாளில் டின்னைத் திறக்காதீர்கள். வெயில் உள்ள நாளில் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் இடையில் மெல்லிய மூன்று பூச்சு, நாளுக்கு ஒன்று. உள்ளே, வெளியே, அடியில், பிளைவுட்டின் ஓரத்தில் என்று ஒரு இடமும் விடக்கூடாது. பூசாத பக்கத்தால் ஈரம் ஏறும். வார்னிஷ் வாடை பிடிக்காமல் லின்சீட் எண்ணெய் பூசுகிறவர்கள், பூசிய துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரமாவது சும்மா இருக்கட்டும், அதுவரை சூடான எதையும் வைக்க வேண்டாம். பயன்பாட்டுக்கு வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடாமல் ஈரத்துணியால் துடைத்து, சுவரில் சாய்த்து நிறுத்தி வையுங்கள்.