மைன்கிராஃப்ட் வீடு பெட்டி மாதிரி இருக்கிறதா? சுவரை ஒரு பிளாக் உள்ளே தள்ளுங்கள்

பிளாக் பிளாக்காக அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் வீடியோ கேமில், வீடு அழகாக வரவில்லை என்றதும் பலரும் முதலில் மாற்றுவது பிளாக்கைத்தான். ஓக் பலகையைப் பிடுங்கிவிட்டு குவார்ட்ஸ் வைப்பார்கள். அப்போதும் பெட்டி பெட்டியாகவே நிற்கும். சுவர் தட்டையாக இருக்கும்வரை எந்த பிளாக்கும் எடுபடாது. நிழல் விழ இடம் வேண்டும். என் அக்கா மகனோடு சர்வைவலில் (பொருளையெல்லாம் நாமே தேடிச் சேர்க்கும் முறையில்) விளையாடும்போது நான் முதலில் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

முன்பக்கத்துக்கு 13 பிளாக் அகலம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு தூண், அப்புறம் மூன்று பிளாக் இடைவெளி, மறுபடி தூண். இப்படி நான்கு தூணும் மூன்று இடைவெளியும் கணக்காக அமையும். நடு இடைவெளியில் கதவு, இரு பக்கமும் ஜன்னல். தூணுக்கு ஸ்ப்ரூஸ் மரக்கட்டையை நிறுத்தி வையுங்கள். கோடாரியோடு அதை ரைட் கிளிக் செய்தால் பட்டை உரிந்து வேறு நிறம் வரும்; எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். சுவரைத் தூணின் வரிசையில் எழுப்பாதீர்கள், ஒரு பிளாக் பின்னால் எழுப்புங்கள். வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

அந்த ஒரு பிளாக் பள்ளம்தான் உங்கள் சொத்து. தரையை ஒட்டி, தூணுக்குத் தூண் ஸ்டோன் பிரிக் படிக்கட்டு பிளாக்கை வரிசையாக வைத்தால் வீட்டுக்கு அடித்தளம் போலத் தெரியும். கதவுக்கு நேரே அதுவே வாசல்படி. மேலே அதே பிளாக்கைத் தலைகீழாக வையுங்கள் (பக்கத்து பிளாக்கின் மேல்பாதியைக் குறிவைத்தால் தலைகீழாக விழும்). ஜன்னலுக்கு முழுக் கண்ணாடி பிளாக் வேண்டாம், கிளாஸ் பேன் போடுங்கள். அது பிளாக்கின் நடுவில் மெல்லிசாக நிற்பதால் ஜன்னலும் உள்வாங்கித் தெரியும். இரு பக்கமும் ஸ்ப்ரூஸ் டிராப்டோரை (மடக்கித் திறக்கும் சிறு பலகைக் கதவு) திறந்து சுவரோடு ஒட்டினால் ஜன்னல் கதவு தயார்.

இவ்வளவு படிக்கட்டுக்குக் கல் எங்கே போவது என்று கவலை வேண்டாம். கிராஃப்டிங் டேபிளில் 6 பிளாக் கொடுத்தால் 4 படிக்கட்டுதான் கிடைக்கும். கல் வெட்டும் கருவியான ஸ்டோன்கட்டரில் ஒன்றுக்கு ஒன்று. ஓர் இரும்புக் கட்டியும் மூன்று ஸ்டோனும் இருந்தால் அதைச் செய்துவிடலாம். மரத்தை மட்டும் அது வெட்டாது.

கல் சுவரில் ஸ்டோன் பிரிக், ஆண்டிசைட், கோபிள்ஸ்டோன் மூன்றையும் கலப்பது நல்ல யோசனை. ஆனால் கண்டபடி தூவினால் சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல ஆகிவிடும். ஈரம் எங்கே தங்கும் என்று யோசித்து வையுங்கள். பாசி பிடித்த பிளாக் தரையோரத்தில், விரிசல் விட்டது மூலையில், மேலே போகப்போக சுத்தமான கல்.

கூரை சுவரோடு நின்றுவிடக் கூடாது. நாலாபுறமும் ஒரு பிளாக்காவது வெளியே நீளட்டும். கூரையின் உடம்புக்கு டார்க் ஓக் என்றால் விளிம்புக்கு மட்டும் கல் படிக்கட்டு. இரண்டு நிறம் போதும், மூன்றாவது எனக்குப் பிடிப்பதில்லை.

வெளிச்சத்துக்காகச் சுவரெல்லாம் டார்ச் குத்தவும் தேவையில்லை. 2021 இறுதியில் வந்த 1.18 பதிப்பிலிருந்து, பிளாக் வெளிச்சம் பூஜ்ஜியமாக இருக்கும் இடத்தில்தான் ஸோம்பி, கிரீப்பர் போன்ற அரக்கர்கள் எல்லாம் தோன்றும். லாந்தரின் வெளிச்சம் 15, டார்ச்சைவிட ஒன்று கூட. கூரை விளிம்புக்குக் கீழே ஒரு ஃபென்ஸ் வைத்து அதில் தொங்கவிடுங்கள்.

கடைசியில் புகைபோக்கி. உச்சியில் கேம்ப்ஃபயர் வைத்து, அதற்கு அடியில் ஒரு வைக்கோல் கட்டு வையுங்கள், புகை இன்னும் உயரமாகப் போகும். சுற்றிலும் டிராப்டோரால் மறைத்துவிடலாம். கேம்ப்ஃபயரிலிருந்து தீ பரவாது, மரக்கூரையாக இருந்தாலும் தைரியமாக வைக்கலாம்.