இலத்தீன் பயில்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்
பள்ளியில் இலத்தீன் படிக்காதவருக்குப் பல்கலைக்கழகத்தில் உரோம இலக்கியம் பயில வழியில்லை என்று எண்ணி விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவது, படிப்பு தொடங்கும் முன்பே நேரும் தவறு. கேம்பிரிட்ஜில் இத்தகையோருக்காகவே ஓராண்டு மொழிப்பயிற்சியைச் சேர்த்த நான்காண்டுப் படிப்பு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலும் மொழியை அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டே பட்டம் பெறலாம்.

சேர்ந்த பிறகு மாணவரை மிகுதியாகக் கெடுப்பது மொழிபெயர்ப்பின் துணையே என்பது என் உறுதியான கருத்து. 1911-இல் தொடங்கிய லோப் நூல்வரிசையில் இடப்பக்கம் இலத்தீன் மூலமும் வலப்பக்கம் ஆங்கிலமும் இருக்கும். அவ்வரிசை பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வாக்கியம் கடினமானவுடன் கண் வலப்பக்கம் தாவப் பழகிவிட்டால், பாடநூலின் மொழிபெயர்ப்பு மனப்பாடமாகுமே தவிர மொழி கைவராது. முன்பின் பார்த்திராத பத்தியை மொழிபெயர்க்கச் சொல்லும் தேர்வில் இது வெளிப்பட்டுவிடும். முதலில் மூலத்தை இரண்டு மூன்று முறை படித்து, தமக்குத் தோன்றிய பொருளை எழுதிவைத்து, அதன் பிறகே மொழிபெயர்ப்போடு ஒப்பிட வேண்டும்.

வாக்கியத்தைக் கண்டதும் வினைச்சொல்லைத் தேடி, பிறகு எழுவாயைத் தேடி, ஆங்கில வரிசைக்கு மாற்றியடுக்கிப் பொருள் காண்பது இன்னொரு தவறு. தமிழறிந்தவருக்கு இது தேவையே இல்லை. வர்ஜிலின் ‘ஈனியட்’ காப்பியம் ‘அர்ம விரும்க்வெ கனோ’ என்று தொடங்குகிறது. ‘படைக்கலங்களையும் வீரனையும் பாடுகிறேன்’ என்று சொற்கள் நின்ற வரிசையிலேயே அது தமிழில் விளங்குகிறது. ‘க்வெ’ என்பது நம் ‘உம்’ போலச் சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் வேற்றுமைகளை எண்ணால் பொருத்திப் பார்ப்பது ஆபத்து. ‘அப்லேட்டிவ்’ என்னும் இலத்தீன் வேற்றுமை ஒன்றே தமிழின் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலைகளைச் செய்கிறது. வேற்றுமைகளை அடுக்கும் வரிசையும் பிரித்தானிய, அமெரிக்க இலக்கண நூல்களில் வேறுபடுகிறது.

உயிரெழுத்தின் குறில் நெடில் அளவைப் புறக்கணிப்பது சிறிய குறையாகத் தோன்றினாலும் பின்னர் பெரிதாக வளர்கிறது. ‘புவெல்ல’ என்று குறிலில் முடிந்தால் ‘சிறுமி’ எழுவாய். ‘புவெல்லா’ என்று நெடிலில் முடிந்தால் அச்சொல் அப்லேட்டிவ். அச்சிட்ட மூலநூல்கள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழ் எழுத்தோ இயல்பாகவே காட்டும் என்பதால் புதுச் சொற்களை ஓரத்தில் தமிழெழுத்தில் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். இலத்தீன் செய்யுளின் ஓசையும் அசைகளின் குறுமை நெடுமையில்தான் நிற்கிறது. ஆகவே கண்ணால் மட்டும் படிப்பவருக்கு வர்ஜிலின் கவிதையில் பாதி கிடைப்பதேயில்லை. வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இலக்கியத்தை அப்படியே வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்வது வேறு வகைத் தவறு. சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரஸுக்கு எதிராக உரோமச் சொற்பொழிவாளர் சிசரோ எழுதிய உரைகளில், ஐந்து நூல்களாக விரியும் இரண்டாம் பகுதி நீதிமன்றத்தில் பேசப்படவே இல்லை. கி.மு. 70-இல் முதற்கட்ட விசாரணையோடு வெர்ரஸ் நாடுகடந்து போய்விட்டதால், சிசரோ அதை எழுத்தாக வெளியிட்டார். கி.மு. 52-இல் மிலோ என்னும் அரசியல்வாதிக்காக அவர் நீதிமன்றத்தில் பேசிய உரை வேறு. இன்று நம் கையிலுள்ள செம்மையான வடிவம் வேறு. அன்று நீதிமன்றத்தைச் சுற்றித் தளபதி பாம்ப்பேயின் படைவீரர்கள் நின்றிருந்தார்கள், மிலோ தண்டிக்கப்பட்டான் என்பவற்றை அறியாமல் அந்த உரையின் வாதத்திறத்தை மட்டும் வியந்து கட்டுரை எழுதுவது முழுமையாகாது. கவிஞரின் ‘நான்’ என்னும் குரலுக்கும் இதே எச்சரிக்கை தேவை: கி.பி. 8-இல் கருங்கடற்கரைத் தோமிஸுக்கு நாடுகடத்தப்பட்ட ஓவிட்டின் துயரத்தை நமக்குச் சொல்பவை பெரும்பாலும் அவருடைய கவிதைகளே.

பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் வரும் பாடபேதக் குறிப்புகளை, அதாவது சுவடிக்குச் சுவடி சொல் வேறுபடுவதைக் காட்டும் குறிப்புகளைப் பலர் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. கட்டல்லஸின் கவிதைகள், ஒன்றிரண்டு விலக்கு தவிர, வெரோனாவில் கிடைத்துப் பின்னர் தொலைந்துபோன ஒரே சுவடியின் வழியாகத்தான் நம்மை வந்தடைந்தன. அதைப் பார்த்து எழுதிய படிகளில் பிழைகள் மலிந்திருந்ததால், பல வரிகள் அறிஞர்களின் திருத்தத்தால்தான் இன்றைய வடிவத்தைப் பெற்றிருக்கின்றன. ஒரு சொல்லின் நயத்தைப் பாராட்டி எழுதுமுன், அது சுவடியில் உள்ள சொல்லா, பதிப்பாசிரியர் ஊகித்த சொல்லா என்பதை அந்த அடிக்குறிப்பில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.