பழைய பிரிண்டர் மோட்டாரில் மாதிரிப் படகு

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழுதான இன்க்ஜெட் பிரிண்டர் கண்ணில் பட்டால் விடாதீர்கள், உள்ளே நல்ல மோட்டார் இருக்கும். இரண்டு ஒயர் வருவதையே எடுங்கள். நான்கு ஒயர் இருந்தால் அது ஸ்டெப்பர்; பேட்டரியை நேரே கொடுத்தால் சுழலாது.

இவை பெரும்பாலும் 24 வோல்ட்டுக்கும் மேல் ஓடப் பிறந்தவை. 12 வோல்ட் கொடுத்தால் நிதானமாகச் சுற்றும், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். இழுவைப் படகுக்கு அதுதான் அழகு. டிரில் மெஷினில் வரும் 550 அளவு மோட்டார் வேகப்படகுக்கு மட்டும்.

தண்டில் இறுகிய பல்சக்கரத்தைச் சுத்தியால் தட்டாதீர்கள், தண்டு வளைந்தால் படகு முழுதும் அதிரும். புல்லரால் (சக்கரத்தைக் கவ்வி இழுக்கும் கருவி) இழுங்கள். கப்ளிங் (மோட்டார் தண்டையும் புரொப்பெல்லர் தண்டையும் இணைக்கும் துண்டு) வாங்குமுன் மோட்டார் தண்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

பிறகு தொட்டித் தண்ணீரில் படகைக் கையால் பிடித்து 5 நிமிடம் ஓட்டுங்கள். மோட்டாரில் விரல் வைக்க முடியாத சூடா? புரொப்பெல்லர் பெரிது. அதே சுழற்சி வேகத்தில் 35 மி.மீ. புரொப்பெல்லரை 40 ஆக்கினால் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகும், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் பிரஷ் கருகும்.

மோட்டார் ரிமோட்டின் ரேடியோ சிக்னலைக் குழப்பும் இரைச்சலைத் தடுக்க 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்று: முனைகளுக்கிடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு ஒன்று. பற்றவைக்கும் இடத்தை முதலில் உப்புத்தாளால் தேயுங்கள்.