அமைச்சரிடம் கணக்குக் கேட்பது எப்படி

கொட்டாஞ்சேனையில் என் தையல் கடைக்கு மின்கட்டணப் பட்டியல் வந்தால் அந்த வாரம் முழுக்க அமைச்சரைத் திட்டுவோம். திட்டுவது இலவசம், பதிலும் வராது. எழுதிக் கேளுங்கள்.

இலங்கையில் நமக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் கட்டணத்தைக் கூட்டினீர்கள்?" என்றால் வழவழா பதில்தான் வரும். "கட்டணத் திருத்தத்துக்காக அமைச்சு அனுப்பிய கடிதங்களின் பிரதிகள்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், தேதியையும் போடுங்கள். தொழில் அமைச்சிடமும் அப்படித்தான்: ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டவேண்டிய 12 சதவீதத்தைக் கட்டாத நிறுவனங்கள் எத்தனை, எத்தனை மீது வழக்கு?

பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதலில் அங்கேயே மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அமைச்சின் மௌனத்தையும் மறுப்பாக எடுத்து மேன்முறையீடு செய்யலாம். பலர் இது தெரியாமல் காத்திருந்தே சோர்ந்து போகிறார்கள்.

மின்கட்டணம் பற்றிப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்துக் கேட்கும்போது எழுத்திலும் கொடுங்கள், நேரிலும் போய்ப் பேசுங்கள்.

பதில் கிடைத்ததும் பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டை எடுத்து, அமைச்சர் அங்கே சொன்னதோடு ஒப்பிடுங்கள். எண்கள் முரண்பட்டால் இரண்டையும் பிரதி எடுத்து உங்கள் மாவட்ட எம்.பி.யிடம் கொடுத்து, சபையில் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். எதிர்க்கட்சி எம்.பி. என்றால் கொஞ்சம் சுறுசுறுப்பாகவே கேட்பார்.